மூன்றாவது பெல்ட்

"பெல்ட் அறுந்தாத்தான் டீசல் எஞ்சின் கெட்டுப்போகும் எண்டு சனம் நம்பிக்கொண்டிருக்கு, நானா. எவ்வளவு பெரிய மூடநம்பிக்கை! பூமி தட்டை எண்டு நினைச்ச காலத்துச் சனம்கூட இப்பிடியொரு பிழை விடேல்லை. வடிவாக் கேளுங்கோ. பெல்ட் அறுகிறதாலை எஞ்சின் கெடுறேல்லை. பெல்ட் மாத்திறதாலைதான் கெடுறது! என்ரை பழைய பெல்ட் அறவுமில்லை, வெடிக்கவுமில்லை, ஒரு பல்லுக்கூட விழேல்லை. மாத்தினன். அண்டைக்குத் துவங்கினது சனியன்!"

துணுக்காயில் வாடகைக்கு வான் ஓட்டும் ஏரம்பு காலை பஸ்ஸில் வந்திறங்கி, வவுனியாவில் நஜீம் நானாவின் மோட்டார் உதிரிப்பாகக் கடைக்குள் கால் வைத்ததும் சொன்ன முதல் வார்த்தைகள் இவை. சுகம் விசாரிக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. எண்பத்தெட்டாம் ஆண்டு ஐப்பசி மழை குடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மற்றக் கையில் ஒரு கடுதாசிப் பை. நஜீம் நானா கதிரையைக் காட்டினார். ஏரம்பு இருக்கவில்லை. இருந்துகொண்டு கதைத்தால் கதைக்கு வலு குறையும் என்பது அவருடைய நீண்டநாள் ஆராய்ச்சி.

"இந்தாங்கோ, பாருங்கோ. இது பழசு. இது முதல் வாங்கின புதுசு, கிளிநொச்சியில. ரெண்டாவது யாழ்ப்பாணத்தில வாங்கினது, அது என்ரை வான் எஞ்சினிலேயே கிடக்கு. மூண்டாவதுக்குத்தான் உங்களிட்டை வந்திருக்கிறன்… ஐயோ, மடிக்காதேங்கோ நானா! பெல்ட்டை மடிக்கவே கூடாது. உள்ளுக்கை நூல் ஓடுது, அது முறிஞ்சு போகும். மன்னிக்கோணும், உங்களுக்குத் தெரியாததே. வரேக்கை ஓமந்தையில பஸ்ஸை மறிச்சு இறக்கினவங்கள். தலைப்பாக் கட்டின இந்தியன் ஆமிக்காரன் ஒருத்தன் பைக்குள்ள கையை விட்டு இதைத் தூக்கினான். எனக்கு ஹிந்தி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. என்னெண்டு விளங்கப்படுத்திறது? நான் வாயால எஞ்சின் ஓட்டிக் காட்டினன், டுர்ர்ர் எண்டு. அவன் சிரிச்சுக்கொண்டு பெல்ட்டை ரெண்டா மடிக்க வெளிக்கிட்டான். 'மடிக்காதை!' எண்டு கத்திப்போட்டன்! பஸ்ஸில வந்த சனம் எல்லாம் என்னை விட்டு ரெண்டடி தள்ளி நிண்டுது. அவன் என்னைப் பாத்தான்… பெல்ட்டைப் பாத்தான்… பக்குவமா வட்டமாச் சுருட்டித் திருப்பித் தந்தான். அவனும் வாகனம் வச்சிருந்தவனாத்தான் இருக்கோணும். ஆனா கிளிநொச்சிக் கடைக்காரன் இருக்கிறானே, அவன் மடிச்சு, றப்பர் வளையமும் போட்டல்லோ தந்தவன்!

"ஏன் மாத்தினனான் எண்டு கேக்கிறியளோ? புத்தகம் சொன்னது, நானா. வானோட வந்த யப்பான் புத்தகம். யப்பான் பாசை எனக்கு எப்பிடித் தெரியும்… தெரியாது. ஆனா இலக்கம் எல்லா நாட்டிலயும் இலக்கம்தானே? பெல்ட்டின்ரை படம் கிடக்கு, பக்கத்தில ஒரு லட்சம் கிலோமீற்றர் எண்டு கிடக்கு. என்ரை வான் எழுபத்தெட்டாம் ஆண்டு வான், ரெண்டு லட்சம் தாண்டீட்டுது. உள்ள பெல்ட்டோ கல்லுமாதிரி. மற்ற ஆக்கள் எண்டால் ஓடுமட்டும் ஓடட்டும் எண்டு விட்டிருப்பினம். நான் வாசிக்கிற மனுசன். அதுதான் வந்த வினை.

"இப்ப என்ன நிலைமை தெரியுமோ? விடியக் காலமை ஏழுபேர் தள்ளினாத்தான் ஸ்ராட் வருது. வந்தாலும் புகை! ஊதுபத்தி ஆலைமாதிரி. இழுவை எண்டது மருந்துக்கும் இல்லை. போன கிழமை வான் குளக்கட்டில ஏறாமல் நிண்டு, ஏத்தின சனம் எல்லாரையும் இறங்கி நடவுங்கோ எண்டு சொன்னன். ராக்காயி எண்டு ஒரு மனுசி, தலையில புண்ணாக்குச் சாக்கு, அவா நடந்துபோய் எனக்கு முன்னம் கட்டில நிக்கிறா. நிண்டுகொண்டு, 'வண்டிய நானு இழுக்கவாங்க?' எண்டு கேக்கிறா! கேக்கலாமோ அப்பிடி?

"சரி, பெல்ட்டுக்கு வருவம். எடுங்கோ பாப்பம். அது என்ன, மேல் தட்டில? ம்… இதிலை பல்லு உருண்டை. எனக்கு உருண்டைப் பல்லு சரிவராது, சதுரப் பல்லு வேணும். உருண்டைப் பல்லைச் சதுரப் பல்லுச் சில்லில போட்டால் கொஞ்சநாள் ஓடும், பிறகு ஒரு நாளைக்கு நடுக்காட்டில வழுகும். அந்தா, பக்கத்துப் பெட்டி. ஓம், இதுதான். பொறுங்கோ, பழசோட சேத்துப் பிடிச்சு எண்ணுவம். பத்து… இருவது… இருவத்தி… கதைக்காதேங்கோ நானா, எண்ணிக்கை பிசகுது. நீங்கள் கதைக்கேல்லையோ? சரி, நான்தான் கதைச்சனான். அகலமும் சரி. மணம்? புது றப்பருக்கு ஒரு மணம் இருக்கு. கிளிநொச்சியில வாங்கினது பழஞ் செருப்பு மணம், எனக்கு அப்பவே மனம் சொன்னது. பெட்டியில யப்பான் எழுத்துத்தான், அதைச் செய்தவன் யப்பானைப் படத்திலயும் கண்டிருக்கமாட்டான்.

"இழுத்துப் பிடிக்கிற சில்லும் தாங்கோ. ஓம், பெயறிங் உள்ளது, ஸ்பிறிங்கோட. பெல்ட்டை மாத்திப்போட்டு அதை மாத்தாமல் விடுறது, புதுமாப்பிளைக்குக் கிழிஞ்ச வேட்டி குடுக்கிறமாதிரி.

"மாப்பிளை எண்டதும்தான்… ஐயோ நானா, அதுதானே என்ரை அவசரமே! வாற வெள்ளிக்கிழமை கலியாணம். என்ரை அக்காவின்ரை மகள், கமலாசனி. மாப்பிளை உடையார்கட்டு. உடையார்கட்டிலிருந்து மாப்பிளையை என்ரை வானிலதான் துணுக்காய்க்குக் கொண்டாறது எண்டு தாய்மாமன் நான், எல்லாருக்கும் முன்னால வாக்குக் குடுத்தனான். ஆரும் கேக்கேல்லை, நானாத்தான் குடுத்தனான். இப்ப தேப்பன் பக்கத்தில, பெட்டையின்ரை சித்தப்பன், செல்வநாயகம் எண்டு ஒரு ஆள், அவரிட்டை றக்ரர் இருக்கு. நேற்றைக்கு வந்து சொல்லுறார், 'மச்சான், நீங்கள் யோசியாதேங்கோ, றக்ரர் பெட்டியைக் கழுவி விட்டிருக்கிறன். மழை வந்தால் மேலால படங்கு கட்டலாம்' எண்டு. சிரிச்ச முகத்தோட சொல்லுறார்! நெல்லு மூட்டை ஏத்திற பெட்டியில மாப்பிளை! பேந்து நான் துணுக்காயில தலை நிமிந்து திரியலாமோ?

"மெக்கானிக்கோ? அதை ஏன் கேக்கிறியள். வீரபாகு எண்டு ஒருத்தன். எழுபத்தேழுக் கலவரத்தோட மலைநாட்டிலிருந்து வந்து எங்கட பக்கம் குடியிருக்கிற ஆள். தேயிலைப் பக்டரியில எஞ்சின் பாத்தவன். நல்ல மனுசன்தான், கள்ளமில்லை. ஆனா டீசல் வானெண்டது தேயிலை அரைக்கிற மிசினே? ரெண்டு தரம் பெல்ட் போட்டான், ரெண்டு தரமும் பிழை. கேட்டால் ஒரே வசனம். 'அய்யா, மார்க்குக்கு மார்க் சரியாத்தான் போட்டிருக்கேனுங்க.' வேற கதையில்லை. 'அப்ப ஏன்ரா புகைக்குது?' எண்டால், 'அதான் அய்யா எனக்கும் வெளங்கல' எண்டு தலையைச் சொறியிறான். நான் விட்டனோ? சந்தையடியில நிண்டு, ஊருக்குக் கேக்கச் சொல்லிப்போட்டன், இவனிட்டை ஒருத்தரும் வாகனத்தைக் குடுக்காதேங்கோ எண்டு. இப்ப அவன்ரை கொட்டிலில ஒரு சைக்கிள்கூட நிக்கிறேல்லை. கலியாணத்துக்கும் நான் சொல்லேல்லை. என்னெண்டு சொல்லுறது, அவன்ரை முகத்தைப் பாத்து?

"என்ன மார்க்கோ? அது பாருங்கோ, எஞ்சினில மேலை ஒரு சில்லு, கீழை ஒரு சில்லு, பம்பிலை ஒரு சில்லு. மூண்டும் ஒண்டுக்கொண்டு கணக்காத் திரும்போணும். யப்பான்காரன் சில்லுகளில கோடு கொத்தி விட்டிருக்கிறான், பத்து வருசத் துருவும் ஒயிலும் மூடி ஒண்டும் தெரியேல்லை. அதாலை வீரபாகு என்ன செய்தவன், பழைய பெல்ட்டைக் கழட்ட முன்னம், பெல்ட்டிலயும் சில்லிலயும் நேருக்கு நேர் சுண்ணாம்புப் பொட்டு வச்சவன். வெத்திலை போடுற ஆள், சுண்ணாம்பு எப்பவும் கையில. பிறகு பல்லெண்ணி அதே பொட்டுகளைப் புதுப் பெல்ட்டிலயும் வச்சு, பொட்டுக்குப் பொட்டு பாத்துப் போடுறது. கெட்டித்தனமான வேலைதான். இல்லை எண்டு சொல்லேல்லை.

"கழட்டினது சரஸ்வதி பூசைக்கு முதல்நாள். அடுத்தநாள் ஆயுதபூசை எண்டதாலை ஸ்பானர் சாவியைத் தொடமாட்டன் எண்டிட்டான். நியாயம்தானே? எஞ்சின் ஒரு நாள் திறந்தபடி கிடந்தது. உங்களுக்கு எங்கட பூசை தெரியும்தானே நானா, எல்லா ஆயுதத்துக்கும் பொட்டு வைக்கிறது. எல்லாரும் வானுக்கு முன்கண்ணாடியில பொட்டு வைப்பினம், ஸ்ரேறிங்கில வைப்பினம். நான் சொன்னன், எஞ்சினே வாயைத் திறந்துகொண்டு நிக்குது, இப்பிடியொரு சந்தர்ப்பம் இனி எப்ப வரும்? உள்ளுக்கையும் வைப்பம் எண்டு. திருநீற்றைத் தண்ணியில குழைச்சு, மூண்டு சில்லுக்கும் வச்சன். அதுக்குப் பிறகும் எஞ்சின் இப்பிடிச் செய்தால், நானா, அது பெல்ட்டின்ரை குற்றம் இல்லாமல் வேறை என்ன? சாமிக்குக்கூட நான் குறை வைக்கேல்லை!

"என்ன…? ஓம், துடைச்சுப்போட்டுத்தான் வச்சனான். ஊத்தைச் சில்லில திருநீறு வைக்கலாமோ? மண்ணெண்ணெயில துணியை நனைச்சு நல்லாத் துடைச்சனான். சுண்ணாம்போ? அதையும்தான்! வெத்திலை எச்சில் பட்ட கையால வச்ச சுண்ணாம்பு, அதுக்கு மேலை திருநீறு வைக்கச் சொல்லுறியளோ? நல்ல கதை!

"எந்த இடத்திலயோ? உச்சியிலதான். மூண்டு சில்லிலயும் நேரா உச்சியில. பொட்டு நெத்தியில வைக்கிறதா, காதுக்குப் பின்னால வைக்கிறதா? சுண்ணாம்பு ஒண்டு உச்சிக்கு ஒரு பல்லு இந்தப் பக்கம் கிடந்தது, ஒண்டு ஒரு பல்லு அந்தப் பக்கம் கிடந்தது. வடிவில்லை. நான் வச்சது வலு வடிவு. வீரபாகுவே அடுத்தநாள் வந்து பாத்து, பொட்டுக் காய்ஞ்சு வெள்ளையா நல்லாத் தெரியுது எண்டு சொல்லி, அதைப் பாத்துப் பாத்து, ஒரு பல்லும் பிசகாமல், பெல்ட்டை…"

ஏரம்புவின் வாய் திறந்தபடியே நின்றது. மழை தகரத்தில் விழும் சத்தம் கடைக்குள் முதல் முறையாகக் கேட்டது. நஜீம் நானா அவரைப் பார்க்கவில்லை. ஏதோ கண்ணில் விழுந்ததுபோலச் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிக்காதேங்கோ, நானா… சரி, சிரியுங்கோ. பரவாயில்லை." குரல் பாதியாக இறங்கியிருந்தது. "அவன் சொன்னது சரிதான், என்ன? மார்க்குக்கு மார்க் சரியாத்தான் போட்டிருக்கிறான். மார்க்தான் அவன்ரை சுண்ணாம்பு இல்லை, என்ரை திருநீறு… ரெண்டாந்தரமும் அதே பொட்டைப் பாத்துத்தான் போட்டவன். அழியாமல் இருக்கோணும் எண்டு நானே மேலால இன்னொருக்கா வச்சுவிட்டனான்… ஐயோ.

"அந்தப் பெல்ட்டைத் திருப்பிப் பெட்டியில வையுங்கோ. மடிக்காமல். வெளியில ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ, உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும். துருவைச் சுரண்டினால் யப்பான்காரன் கொத்தின கோடு தெரியும்தானே? தெரியுமோ? அப்ப வெள்ளிக்கிழமைக்கு முன்னம் செய்யலாம், ஒரு பகல் வேலை. ஆனா வீரபாகு வருவானோ? சந்தையடியில அவ்வளவு சனத்துக்கு முன்னால சொன்னதை நான் எந்த வாயால… இது என்ன? துருச் சுரண்டுற கம்பிப் பிறஸ்ஸோ? ஓம், இது காணும். இது மட்டும் போதும். வேறை ஒண்டும் வேண்டாம்.

"நானா, இஞ்சை நல்ல வெத்திலை எந்தக் கடையில இருக்கும்? ஒரு கட்டு வேணும், பாக்கோட. கலியாணத்துக்கு ஒரு ஆளுக்குச் சொல்ல மறந்துபோனன். வெறுங்கையோட போய்ச் சொல்லுறது சரியில்லை. அவங்கட ஆக்கள் வெத்திலை பாக்கு வச்சுத்தான் அழைக்கிறது… ஓம், நானே போறன். வேற ஆரை அனுப்புறது? சந்தையடியாலைதான் போகோணும். எல்லாரும் நிக்கிற நேரத்தில போறதுதான் முறை எண்டு நினைக்கிறன். என்ன சொல்லுறியள்…? ம். நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

அவர் குடையை எடுத்தார், விரிக்க மறந்தார், மழைக்குள் இறங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளை வானில்தான் வந்து இறங்கினார். வானை வீரபாகு ஓட்டி வந்தார். தாய்மாமன் பின்னால், இரண்டு வாழைக்குலைகளுக்கு நடுவில் இருந்தார்.