ஏழு முறை அணைந்த திரை

உமா: ...மாட்ட மாட்டேன்னு சொல்லுதேன்ல. டப்பா மேலேருந்து கைய எடு.

ஷ்ரவண்: உமா, நாலு மணிக்கு ஃப்ளைட். பிளேன் ஓனர் சாதனா மேடம், அவா குழந்தைகள் ரெண்டு பேர், நாசிக் போகணும். பிளேன்ல இது இருந்த எடத்துல இப்ப ஓட்டைதான் இருக்கு. எதப் பாத்து ஓட்டறது நான்?

உமா: ஓட்டாத. கார்ல போகச் சொல்லு.

ஷ்ரவண்: அரே, ஒரு சின்ன ஸ்கிரீன். ரெண்டு தரம் அணைஞ்சுது, தானே திரும்ப வந்துடுத்து. நாப்பது செகண்ட். அதுக்குப் போய் ஹேங்கரையே...

உமா: எது வானம், எது தரைன்னு காட்டுத திரை அது. மழை மேகத்துக்குள்ள நாப்பது செகண்டு அது இல்லாம இருந்திருக்க. உனக்கு அது சின்ன ஸ்கிரீனா?

ஷ்ரவண்: பக்கத்துல பழைய உருண்டை மீட்டர் மூணு இருக்கே. அதப் பாத்து ஓட்டத் தெரியாதா எனக்கு? ஈவினிங் கிளாஸ்ல உன்னோடதானே படிச்சேன்.

உமா: படிச்சியா? கடைசி பெஞ்சுல தூங்குன. பாதியில பைலட்டாகப் போறேன்னு ஓடிட்ட. ரிப்பேர் வேலையப் படிச்சு முடிச்சவ நானு.

ஷ்ரவண்: தூங்கல. கண்ண மூடிண்டு கேட்டேன்.

உமா: கொறட்டையோட.

ஷ்ரவண்: சரி, விடு. நீயே இத ரெண்டு வாட்டி மேஜைல வெச்சுப் பாத்தே. 'கோளாறு எதுவும் இல்லை'ன்னு நீ எழுதிக் குடுத்ததுக்குத்தான் இன்ஜினியர் ஹனீப் சார் கையெழுத்துப் போட்டார். இன்னிக்கு மட்டும் என்ன வந்துது?

உமா: இன்னிக்கு இதோட உள் மெமரியத் தொறந்து பாத்தேன். பறக்கும்போது திரை அணைஞ்சா அது தன்னால தேதி போட்டு வச்சுக்கிடும். எத்தன தடவன்னு நெனைக்க?

ஷ்ரவண்: ...ரெண்டு.

உமா: ஏழு.

ஷ்ரவண்: ஏழா? தப்பா எண்ணியிருப்பே.

உமா: எனக்கே சந்தேகம். தப்பா எண்ணிட்டமோன்னு மூணு தடவ எண்ணிப் பாத்தேன். ஏழுதான். லாக்புக்குல நீ எழுதினது ரெண்டு. மிச்சம் அஞ்சு எங்க போச்சு, கேப்டன்?

ஷ்ரவண்: மொத தடவ யோசிக்காம எழுதிட்டேன். இன்னொரு தடவ மேடம் பக்கத்து சீட்ல உக்காந்திருந்தா, எழுதாம இருக்க முடியல. மத்தது... எழுதினா நீ கழட்டிடுவே. கம்பெனிக்கு அனுப்புவே. இதையே திருப்பித் தரமாட்டான், வேற டப்பாதான் வரும்.

உமா: வரட்டுமே. உனக்கு என்ன?

ஷ்ரவண்: பழகிடுத்து. நாலு வருஷம். நம்பகமான டப்பா, உமா.

உமா: ஏழு தடவ செத்துப் பொழைச்சது நம்பகமானதா?

ஷ்ரவண்: அதுல நான் சேத்து வெச்ச எடமெல்லாம் இருக்கு. மேப்ல புள்ளி புள்ளியா. இது போனா எல்லாம் போயிடும்.

உமா: அவ்ளோதான? நான் வாசிக்கேன், நீ எழுதிக்கோ. புதுசு வந்ததும் திரும்ப ஏத்திக்கிடலாம்.

ஷ்ரவண்: வேண்டாம்.

உமா: ஏன்?

ஷ்ரவண்: நானே எழுதிக்கறேன். நீ போய் டீ குடிச்சுட்டு வா.

உமா: மேஜை என்னது. பேனாவ எடு. ஒண்ணு... பாராமதி ஓடுபாதை. ரெண்டு, தாணே கிரீக் பாலம். மூணு, உல்லாஸ்நகர் செல்ஃபோன் டவர்... எழுதுதியா?

ஷ்ரவண்: எழுதறேன், எழுதறேன்.

உமா: நாலு. வி... ஈ... ஈ... டி... யூ. வீடு.

ஷ்ரவண்: அது எங்காம்.

உமா: உங்காம் மாட்டுங்கால. இந்தப் புள்ளி ரயில் லைனுக்கு மேக்க விழுது. தாராவில.

ஷ்ரவண்: தள்ளிக் காட்டறது போல இருக்கு. பழசோன்னோ. இதெல்லாம் அவ்வளவா நம்ப முடியாது.

உமா: இப்பதான நம்பகமான டப்பான்ன?

ஷ்ரவண்: அது... திரை வேற, ஜிபிஎஸ் வேற.

உமா: ஜிபிஎஸ் மூணு மீட்டர் தப்பும், அஞ்சு மீட்டர் தப்பும். ஒரு ரயில் லைனத் தாண்டியா தப்பும்? நைன்டி ஃபீட் ரோட்டுல எங்க பில்டிங்கு, மேல தண்ணித் தொட்டி. சரியா அதுக்கு மேல நிக்கி.

ஷ்ரவண்: தொட்டி எல்லா பில்டிங் மேலயும்தான் இருக்கு.

உமா: அதுலயும் 'வீடு'ன்னு பேரு. உங்க ஆளுக வாயில அந்த வார்த்தை வருமா? 'ஆத்துல இருக்கா', 'ஆத்துக்கு வா'. வீடுன்னு சொல்லுதது நாங்க.

ஷ்ரவண்: உன்கிட்டேர்ந்து கத்துண்டதுதான். கிளாஸ் முடிஞ்ச ஒடனே, 'வீட்டுக்குப் போணும், அம்மா தேடும்'னு ஓடுவியே. டெய்லி உங்க பில்டிங் வாசல் வரைக்கும் வருவேன். ஒரு நாள் மேல கூப்பிட்டதில்ல நீ.

உமா: பத்துக்கு எட்டு ரூமு. அஞ்சு பேரு. ஒன்ன எங்க உக்கார வைக்க?

ஷ்ரவண்: நின்னுண்டு இருந்திருப்பேன்.

உமா: எங்கம்மா ஆறுமுகத்தாயத் தெரியாது ஒனக்கு. நிக்க விட்டிருக்காது.

ஷ்ரவண்: ...கடைசி நாள் நல்ல மழை. நீ மேல போயிட்டே. நான் கீழ நின்னு ஃபோன்ல அந்த எடத்தோட ஜிபிஎஸ் நம்பர எடுத்தேன். மொத பிளேன் கைக்கு வந்த அன்னிக்கே இதுல போட்டுட்டேன்.

உமா: எங்க பில்டிங்குக்கு மேல பறந்திருக்கியா?

ஷ்ரவண்: விடுவானா டவர்ல? பெரிய ஏர்போர்ட் பக்கத்துலயே இருக்கு. நாங்க கடலோரமாத்தான் வரணும். ஆனா மேப்ல ஓரமாத் தெரியும், எத்தன மைல்னு பக்கத்துல நம்பரோட. நாசிக்லேந்து கெளம்பறச்சே எண்பது... அப்புறம் நாப்பது... பன்னண்டு. இங்க ஜூஹூல எறங்கறச்சே நாலு. அதுக்குக் கீழ குறையவே குறையாது.

உமா: நாலு மைலுக்கு ஆட்டோ இருக்கு.

ஷ்ரவண்: கூப்பிடணுமே.

உமா: மூணாவப் போவுது. ஹனீப் சார் ரூமுக்குப் போணும். நீ மேடத்துக்கு ஃபோன் போட்டு ஃப்ளைட் இல்லன்னு சொல்லு.

ஷ்ரவண்: சொல்றேன். டப்பாவையும் எடுத்துக்கோ, ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா ஏழுங்கறத மட்டும் அவர்ட்ட... என் லைசென்ஸ் போயிடும், உமா.

உமா: அத நீதான் சொல்லணும். நான் அதுக்குப் போகல.

ஷ்ரவண்: பின்ன எதுக்கு?

உமா: நான் எழுதிக் குடுத்த ரிப்போர்ட்டு ரெண்டும் பொய்யின்னு சொல்ல.

ஷ்ரவண்: பொய்யா? தரையில வெச்சுப் பாத்தா இந்தக் கோளாறு வராது, உமா. சூடானாத்தான் வரும். அதுக்கு நீ என்ன பண்ணுவே?

உமா: மொத தடவையே வந்துச்சு, ஷ்ரவண். ஹேர் டிரையர வச்சுச் சூடு காட்டினேன், நாலாவது நிமிசம் அணைஞ்சுது. ஆனா அதுக்கு முன்னாலயே இந்த லிஸ்ட்டுல 'வீடு'ங்குத புள்ளியப் பாத்துட்டேன். கழட்டி அனுப்பிட்டா, புது டப்பாவுல அந்தப் புள்ளிய நீ திரும்பப் போடுவியோ மாட்டியோன்னு... எனக்குத் தெரியல. கோளாறு இல்லைன்னு எழுதிட்டேன். அதுக்குப் பிறகு நீ மேல இருக்கும்போது ஆறு தடவ அணைஞ்சிருக்குன்னு இன்னிக்குக் காலைலதான் பாத்தேன்.