பிள்ளைக்காம்பராவின் சாவி

பொகவந்தலாவையிலிருந்து அட்டன் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவள், தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும் நேரம் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. அவள் சொன்ன ஒன்றைக் கேட்டுத்தான் செய்தித்தாளை மடித்தேன்.

"சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு."

மற்றவள் மடியில் கைக்குழந்தை தூங்கியது. "தெரியும் ஆயாம்மா."

"பழைய தேயிலை ஸ்டோர் மாடியப் பிள்ளைக்காம்பராவா ஆக்குனப்பவே தொரைகிட்ட சொன்னேன். கொழுந்து வாட்டுன எடம், எல்லாம் பலகை, இடுக்கெல்லாம் தேயிலைத் தூசு, படியும் ஒண்ணுதான், அங்கயே பால் காய்ச்சச் சொல்றீங்களேன்னு. இத்தன வருசமா எரியாத கட்டடம்னாரு."

"அப்ப மாடியில யாரும் அடுப்பு பத்த வைக்கலியே."

"கீழ பீலியில தண்ணி புடிக்கத்தான் எறங்குனேன். ஒரு கொடம். திரும்பிப் பாக்கயில பொகை."

"பூட்டச் சொன்னது நாங்கதானே. புள்ளைங்க ரோட்டுக்கு ஓடிருதுங்கன்னு கூடையோட வந்து நின்னு சண்ட போட்டோம்."

"ஒன் மூத்தவன் கதவுகிட்டதான் கெடந்தான், லெட்சுமி."

லெட்சுமி கைக்குழந்தையின் தொப்பியை இழுத்துவிட்டாள். பஸ் ஒரு வளைவு திரும்பியது.

"பூட்டு எரியல," என்றாள் ஆயா. "மாட்டுப்பட்டியக் கழுவி வுட்டிருக்காங்க. திங்கக்கெழமையிலேருந்து அதுதான் பிள்ளைக்காம்பரா. இதே பூட்டப் போட்டுக்கன்னு கணக்கப்பிள்ளை குடுத்துட்டாரு. நான் போட மாட்டேன்."

லெட்சுமி மடியில் கிடந்த குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அது ஆத்தோரமாச்சே ஆயாம்மா. இவ இப்பத்தான் தவழ ஆரம்பிச்சிருக்கா. பூட்டிருங்க."