பத்து இன்ச்சு

– அதை வெளிய எடுங்க. என் பையில நீங்க எதையும் திணிக்க வேண்டாம்.

– டேப்லெட்டும்மா இது, செங்கல்லு இல்ல. பத்து இன்ச்சு. எங்க கடையில இதுக்கு ஆளுங்க அடிச்சுக்கறாங்க.

– அப்ப அவங்களுக்கே வித்துடுங்க. எனக்கு இந்த புக் ரீடர் போதும். கிரேன் பாடமெல்லாம் இதுல ஏத்திட்டேன். ஒரு தடவ சார்ஜ் போட்டா வாரக்கணக்குல நிக்கும். ஹாஸ்டல்ல நாலு பேருக்கு ஒரே ஒரு பிளக்காம்.

– கறுப்பு வெள்ளை. கால் வராது, போட்டோ எடுக்காது. இதெல்லாம் ஒரு பொருளா? சும்மா குடுத்தாக்கூட கடையில வாங்கி வைக்க மாட்டோம்.

– பேசறதுக்குத்தான் போன் இருக்கே.

– உன் போன் பாதி நேரம் ஆஃப்ல கிடக்கு.

– கேபின்ல போன் கூடாதுன்னு எத்தனை தடவ சொல்றது? யார்டுல சின்ன கிரேன் ஓட்டறப்பவே இந்தப் பாடு. கண்டெய்னரைத் தூக்கிட்டு அந்தரத்துல உக்காந்திருக்கேன், அப்ப பாத்து 'எங்க இருக்க'ன்னா என்ன சொல்றது? ஆகாசத்துல இருக்கேன்னா?

– சிம்பிள். இதை ஹாஸ்டல் ரூம்ல வெச்சுட்டுப் போ. சிம் போட்டுட்டேன். எப்பவும் ஆன்ல இருக்கட்டும்.

– ரூம்ல தனியா கிடந்து யார்கூடப் பேசும்? சுவரோடயா?

– நீ ரூமுக்கு வந்தியா, அதைத் தூக்கிட்டு எங்கயாவது சுத்தறியான்னு என் போன்ல தெரியும்ல.

– அடேங்கப்பா! உள்ள இருந்தது வெளிய வந்துடுச்சு பாருங்க.

– கட்டினவன் கவலைப்படக் கூடாதா?

– கவலையா இது? கூடப் படிக்கறவங்க யாரு, அதுல ஆம்பளைங்க எத்தனைன்னு ஒரே நச்சரிப்பு. துறைமுகத்துல ட்ரெயினிங் கிடைச்சிருக்குன்னு நான் சொன்ன அன்னிக்குக் கடுகடுன்னு ஆன முகம், இன்னும் அப்படியே இருக்கு.

– 'உன் பொண்டாட்டி இன்னும் பெரிய கிரேன் ஓட்டப் போறாளாமே'ன்னு கடையில கிண்டல் பண்றானுங்க. உனக்கென்ன தெரியும்?

– நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்களா?

– சரி, விடு.

– சிரிச்சிருக்கீங்க. எனக்குத் தெரியும்.

– மூணு மாசம் பாப்பாவைப் பாத்துக்கப் போறது யாரு? நான்தானே? அந்த நன்றிகூட இல்ல.

– பெத்த பொண்ணைப் பாத்துக்க நன்றி வேறயா? ட்ரெயினிங் நடக்கற ஊர்லயே இருக்கற என் அக்கா வீட்டுல விட்டுக்கறேன், தினம் போய்ப் பாத்துக்கறேன்னு கெஞ்சினேன். ஸ்கூல் மாத்தினா படிப்பு கெட்டுடும்னு குதிச்சது நீங்கதான்.

– ஆமா. இப்பவும் அதைத்தான் சொல்றேன். புள்ளைய ஊர் ஊரா இழுத்தடிக்கக் கூடாது.

– அப்ப இன்னொரு தடவ சொல்லுங்க. பாப்பா இந்த வீட்டுலதான் இருக்கும். உங்க அம்மாகிட்ட கொண்டு போய் விட மாட்டீங்க.

– ஆயிரம் தடவ சொல்லியாச்சு.

– பரவால்ல, சொல்லுங்க. நான் ரயில் ஏறறதே அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான்.

– விட மாட்டேன். போதுமா? பாப்பா மேல சத்தியம்.

– ஐயோ, தூங்கற குழந்தை மேலயா சத்தியம் பண்ணுவீங்க? வாயக் கழுவுங்க.

– நம்பிக்கை இருந்தா இதை எடுத்துக்கோ. பாப்பா பேசறப்ப முகம் பெருசா தெரியும். நம்ம பாப்பா பல் விழுந்து சிரிக்கறது உன் ஓட்டைப் போன்ல என்ன தெரியும்?

– சரியான கடைக்காரருய்யா நீங்க. எந்த இடத்துல அடிச்சா எவ இளகுவான்னு கரெக்டா தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. குடுங்க, எடுத்துத் தொலைக்கறேன். ஆனா நான் எங்க இருக்கேன்னு காட்டற அந்தச் சனியனை முதல்ல ஆஃப் பண்ணிடுவேன்.

– முடியாது. என் ஐடிலதான் போட்டிருக்கேன். கடையில டெமோ பீஸுக்கெல்லாம் அப்படித்தான் போடுவேன், கை தானா பழகிடுச்சு. என் பாஸ்வேர்டு இல்லாம நீ அதுல ஒண்ணும் மாத்த முடியாது.

– அதுல பெருமை வேற… இருங்க, இது ஏன் அடிக்குது?

– எது?

– டேப்லெட்டுதான். உங்க அம்மா படம் வருது.

– எனக்கு வர்ற காலு… என் போன், இது, ரெண்டுலயும் அடிக்குதா? குடு இங்க.

– ஏன் இப்படிப் பதறறீங்க? அத்தைதானே? நானும் சொல்லிட்டுக் கிளம்பறேன்.

– எடுக்காத! குடுன்னு சொல்றேன்ல!

– கையை விடுங்க!

– ஏம்ப்பா, எடுக்க எவ்வளவு நேரம்? அம்மா பேசறேன். அவ கிளம்பித் தொலைச்சாளா? இங்க ஒரே இருட்டா இருக்கு, உன் முகமே தெரியல. சரி, கேளு. பள்ளிக்கூடத்துல பேசி முடிச்சுட்டேன். திங்கக்கிழமையே சேத்துக்கறாங்க. நாளைக்குப் பாப்பாவைத் துணிமணியோட கூட்டிட்டு வந்துடு. நீ சொன்னபடி அவகிட்ட நான் மூச்சுகூட விடல. மூணு மாசத்துல குழந்தை என்கிட்ட ஒட்டிக்கும். அப்புறம் அவ வந்து குதிச்சாலும் அனுப்பாம இருந்துக்கலாம்.

– அம்மா, வை! போனை வைம்மா!

– ஏன்டா, எட்ட நின்னு கத்தற மாதிரி இருக்கு?

– எட்டத்தான் நிக்கறாரு, அத்தை. நான்தான் கேமராவைக் கையால மூடிட்டு இருந்தேன். இப்ப முகம் தெரியுதா? பாப்பா துணிமணியை நானே எடுத்து வெச்சுக்கறேன். ரயில்ல நாங்க ரெண்டு பேரா ஏறப் போறோம்.