வில்மாரின் இடது கை

சூடாக மாத்தே டீ குடிப்பவன் கையிலிருந்து சுரைக்குடுவையைப் பிடுங்குவது நம் மொன்டெவிடியோவில் மரியாதை இல்லை. போன வருடப் பதிவில் வில்மாரின் இடது கை மட்டும் ஏன் பிந்தியது என்று கேட்கிறீர்கள், டாக்டர். சொல்கிறேன்.

உங்கள் ஆய்வுக்கு நோய்நொடி இல்லாத ஆட்கள் வேண்டும் என்றீர்கள். விரல் தோலில் சின்ன மின்துடிப்பு கொடுத்தால் ஆளைக் கேட்காமலே கைத்தசை துள்ளுமே, அந்த வேகத்தை அளக்க. வில்மாரை அழைத்துவந்தேன். எங்கள் மேளக்குழுவில் முதல் மேளம் அவன்தான். ஊர்வலத்தில் அவன் முதுகைப் பார்த்தபடியே நடப்பவன் நான். அந்த முதுகை வெறுத்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் அகலம், அவ்வளவுதான்.

அன்று நல்ல வெயில். அவன் இடது கையை ஏசிக்கு நேர்கீழே வைக்கச் சொன்னேன். வலது கையில் சூடான மாத்தே. தீரத் தீர வெந்நீர் ஊற்றிக் கொடுத்தேன். குளிர்ந்த கையில் துள்ளல் பிந்தும் என்று எனக்குப் பாடம் எடுத்தவரே நீங்கள். நடுவில் உள்ளே வந்து நீங்களும் ஒரு குடுவை குடித்துவிட்டுத்தான் போனீர்கள். ஒரு கை குளிரிலும் ஒரு கை சூட்டிலும் இருந்தது உங்கள் கண்ணிலும் படவில்லை. மாத்தே நமக்கெல்லாம் ஆறாவது விரல் ஆயிற்றே.

திரையில் இடது கை பிந்தியது. நான் பொய் சொல்லவில்லை. "இடது கை கொஞ்சம் பிந்துதுடா" என்றேன்.

அவன் முகம் வெளுத்தது. "டேய் ருபேன், மேளத்துல வெறுங்கையா அடிக்கிறது இந்தக் கைதான்டா. போயிடுச்சா?"

"எனக்கென்னடா தெரியும்? நான் ஒயர் ஒட்டுறவன். ரெஸ்ட் குடுத்துப் பாரு."

வேறு டாக்டரிடம் காட்டட்டுமா என்றான். ஊர் வாயை மூட முடியாது, அப்புறம் சீக்காளி என்ற பேர்தான் மிஞ்சும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். பிப்ரவரி ஊர்வலத்தில் அவன் இடத்தில் நான் அடித்தேன். நடைபாதையில் கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றான். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று எனக்கு மேளம் நன்றாகப் பேசியது. இப்போதெல்லாம் பொத்தான் போடக்கூட மனைவியைக் கூப்பிடுகிறானாம்.

போன வாரம் உங்களுக்குத் தெரியாமல் மறுபடி அளந்தேன், இரண்டு கைகளையும் கதகதப்பாக வைத்து. அப்பழுக்கில்லாத கை, டாக்டர். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஊர்வலம். ஒரு வருடம் ஓய்ந்த கை; கேட்ட சந்தோஷத்தில் ஓடிவந்து மேளத்தைத் தூக்கி, ஏதாவது ஆகிவிட்டால்? நீங்களும் ஊர்வலம் முடியும்வரை வாய் திறக்காதீர்கள். அவனைப் பற்றிக் கவலைப்பட என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?