கட்டைவிரல் மை

நிஜாம் காலத்தில் ஒருநாள், மாரெட்பள்ளியிலிருந்து ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போன ஜட்காவில் எனக்கு எதிரே இருந்த விதவை அம்மாள் சொன்னாள்: "என் கட்டைவிரல் இனிமே சோறு திங்க மட்டும்தான்."

பக்கத்தில் இருந்த கொழுந்தனுக்கு எரிச்சல். "உயில்தானே அண்ணி? ரேகை வெச்சாப் போதும். இந்த வயசுல எதுக்குக் கையெழுத்து?"

"நக்கோ தம்பி, ரேகை வேணாம். ஆறு மாசமா மககிட்ட எழுதிப் பழகியிருக்கேன். வீடு அவளுக்குத்தான். நான் நினைவில்லாம கிடக்கிறப்போ ஒருத்தரும் என் விரலை மையில அமுக்கக் கூடாது."

"யாரு அப்படிச் செய்வா?"

"உங்கண்ணன் கையெழுத்துப் போடத் தெரிஞ்சவர். உனக்கு நிலம் எழுதிக் கொடுத்ததா சொல்ற பத்திரத்துல மட்டும் ரேகை இருக்கு. பொணத்தைக் குளிப்பாட்டுறப்போ அந்த மையை நான்தான் தேய்ச்சேன். போகலை."