ஊட்டோட மாப்ளையும் மரவள்ளிக் குச்சியும்

— ஏனுங்க, காது கேக்குதா இல்லியா? மரவள்ளி அம்புட்டையும் புடுங்கி எரிக்கோணும்னு சொன்னேன்.

— கேட்டுச்சு கோகிலா. இலையில ரெண்டு மஞ்சத் தேமல். அதுக்குப் போயி ஒரு காட்டையே கொளுத்தச் சொல்றே. உம்மூஞ்சியில பரு வந்தப்ப நான் உன்னையக் கொளுத்துனனா?

— வாயக் கழுவுங்க. சேந்தமங்கலத்துல வெவசாய ஆபீசரம்மா இலையக் கையில வாங்குனதுமே வைரஸுன்னு சொல்லிருச்சு.

— கண்ணுக்குத் தெரியுமா அது?

— தெரியாது. ஒரு சட்டை, உள்ளாற ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான் அது. கையில்ல, காலில்ல, வயிறில்ல. வெளிய கெடந்தா பொணமாட்டக் கெடக்கும்.

— பொணத்துக்கு எதுக்கு இம்புட்டுப் பயம்?

— செடிக்குள்ள பூந்துட்டா சட்டையக் கழட்டிப் போட்டுட்டுச் சீட்ட நீட்டுமாமா. செடி தன் வேலைய உட்டுப்போட்டு, அந்தச் சீட்டுல இருக்கறபடி அதே மாதிரி ஆயிரம் செஞ்சு குடுக்கும். அப்புறம் கெழங்கு எங்கிருந்து எறங்கும்?

— அடுப்பும் அடுத்தவன் ஊட்டுது, அரிசியும் அடுத்தவன் ஊட்டுது. வம்சம் மட்டும் இதோடது. ஏய்... என்னையவா சொல்றே?

— ஊட்டோட மாப்ளைன்னு ஊரு சொல்றது பத்தாதா, நானும் சொல்லோணுமா?

— அர்த்தனாரின்னு எங்கப்பன் ஆசையா வெச்ச பேரு. இந்த மலையில ஒருத்தன் அதச் சொல்லிக் கூப்புட்டிருக்கானா? கண்ணாலம் ஆன நாள்ல இருந்து சிரிச்சுக்கிட்டே கேக்குறேன். உள்ள எரியுது புள்ள.

— மூஞ்சியத் தூக்காதீங்க மாமா. நீங்க ஒழைக்கறது எனக்குத் தெரியாதா? வெள்ளை ஈ சாற உறிஞ்சிட்டுப் பக்கத்துக் காட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருமாமா. அதுக்குள்ள எரிச்சுப்புட்டா நம்மளோட போயிரும்.

— ஈ எம்புட்டுத் தூரம் போயிரப் போகுது?

— ஈய உடுங்க. குச்சிதான் மோசமாமா. நோவு புடிச்ச செடியில வெட்டுன குச்சி, பாக்க மொட்டையா நல்லாத்தான் இருக்குமாமா. நட்டுத் துளுத்தாத்தான் தெரியும். ஆமா, நாம நட்டது போக மீந்த குச்சி கொட்டாயில கெடந்துச்சே, எங்க?

— அது... இல்ல.

— அடுப்புல வெச்சுட்டீங்களா? நல்ல வேலை பண்ணுனீங்க சாமி!

— கோகிலா, நான் என்ன சொல்ல வாரேன்னா...

— ஏனுங் மாப்ளை! ஊட்டுல இருக்கீங்களா? பக்கத்துக் காட்டுக் கருப்பண்ணன் வந்திருக்கேனுங்க!

— வாங்கண்ணா. என்ன இன்னைக்கு இவருக்கு இம்புட்டு மருவாதி?

— பின்ன? தங்கமான மனுசன், கண்ணு. எங்கூட்டு வாசலுக்கே வந்து நாலு கட்டுக் குச்சி சும்மாவே போட்டுட்டுப் போனாரே! பாதிய நட்டுப்புட்டேன். மீதிய எங்க சம்பந்தி ஆலத்தூர் நாட்டு ஊருங்களுக்கு எடுத்துட்டுப் போயி, ஆளுக்குக் கொஞ்சமாப் பிரிச்சுக் குடுத்துட்டாரு.

— கருப்பண்ணா, போதும்...

— அட, கூச்சப்படாதீங்க மாப்ளை. இனி எவன் உங்கள ஊட்டோட மாப்ளைங்கறான்னு பாக்குறேன். குச்சிக்கே உங்க பேர வெச்சுட்டாங்கல்ல? மலை முச்சூடும் இப்ப அர்த்தனாரிதான் பரவுறாரு!