முப்பத்தைந்து நிமிடம் அசையாமல் இருப்பது எப்படி?

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஸ்கேன் பிரிவுத் தலைவர் டாக்டர் அனந்தலக்ஷ்மி அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் காந்தாக்காவின் கணவர் நாராயணசாமி அண்ணன் அவர்களே, அவர்கள் மகள் மகா அவர்களே, ஷிஃப்டுக்கு நடுவே ஓடிவந்து இந்தக் கேன்டீன் மாடியை நிறைத்திருக்கும் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் நரேஷ். கீழ்த்தளத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன். பதினான்கு வருடமாகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, மைக்கில் 'அசையாதீங்க' என்று சொல்லிப் பிழைப்பவன். என் மைக்குக்கு எதிரில் எப்போதும் ஒரே ஒருவர்தான் இருப்பார், அவரும் படுத்திருப்பார்! இத்தனை பேர் உட்கார்ந்து என்னையே பார்ப்பது எனக்குப் புதிது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காந்தா நாராயணசாமி. ஸ்கேன் அறை அட்டெண்டர். வேலை வருடம் இருபத்திரண்டு. மருத்துவமனைப் பதிவேட்டில் அவரைப் பற்றி இவ்வளவுதான் இருக்கிறது. இவ்வளவுதானா காந்தாக்கா?

அவர் வேலை என்ன என்று இங்கே பலருக்குத் தெரியாது. எங்கள் மெஷின் ஒரு பெரிய காந்தம். இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. வருகிறவர்களின் மெட்டி, கொலுசு, ஹேர்பின், பெல்ட், சாவி எல்லாவற்றையும் கழற்றி வாங்கி வைப்பதுதான் காந்தாக்காவின் வேலை. எல்லாவற்றையும் விடப் பெரிய தலைவலி ஊக்கு! நம் பெண்கள் ஊக்கை எங்கேதான் குத்தி வைக்க மாட்டார்கள்? தாலிக் கொடியில் நான்கு, வளையலில் இரண்டு, முந்தானையில் ஒன்று. தாலியைக் கழற்ற மனசு வராமல் தவிப்பவர்களுக்கு, மஞ்சள் கிழங்கு கட்டிய மஞ்சள் கயிறு ஒன்றைத் தயாராக வைத்திருப்பார். 'கழுத்து வெறுமையா இருக்காதும்மா, இதைக் கட்டிக்கோ' என்பார். மறந்துவிட்டுப் போன ஊக்குகளைச் சேர்த்து வைத்த பிஸ்கட் டப்பாதான், இதோ, அவர் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஊக்கைக் கழற்றும்போதே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்திருக்கிறேன்.

"ஆரம்பத்திலேர்ந்து முடிவு வரைக்கும், அடுத்தது என்ன, அடுத்தது என்னன்னு, உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச காரியம் ஒண்ணு சொல்லுங்க பாப்போம்?"

எதற்கு இந்தக் கேள்வி? தோழர்களே, அந்தக் குழாய்க்குள் படுத்தவர்களுக்குத் தெரியும். மூக்குக்கு நான்கு விரல் மேலே சுவர். காதடைக்கும் டமடம சத்தம். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்போம், தாங்க முடியாவிட்டால் அழுத்த வேண்டும். அழுத்தினால் எனக்கு மணி அடிக்கும். மணி அடித்தால் வெளியே எடுத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முப்பத்தைந்து நிமிடம் ஒரு மனிதன் எப்படி அசையாமல் கிடப்பான்? உடம்பு கிடக்கும், சரி. மனசு?

நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வியை நான் வெட்டிப் பேச்சு என்றுதான் நினைத்தேன். வெளியே பதினொரு பேர் காத்திருப்பார்கள், இவர் உள்ளே ஒருவரிடம் 'அப்புறம் என்ன செய்வீங்க?' என்று கேட்டுக்கொண்டிருப்பார். "காந்தாக்கா, டைம் ஆவுது, கதை போதும்" என்று எத்தனை முறை கத்தியிருக்கிறேன்! ஒரு நாள் டாக்டரிடமே போய்ப் புகார் சொன்னேன். டாக்டர் அனந்தலக்ஷ்மி திட்டவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. "ஒரு மாசம் கணக்கு எடுங்க நரேஷ். யார் யார் பந்தை அழுத்தறாங்கன்னு தினமும் எழுதி வைங்க. அப்புறம் பேசலாம்" என்றார்.

எடுத்தேன். காந்தாக்கா இருந்த இருபத்தைந்து நாட்களில் பந்தை அழுத்தியவர்கள் ஆறு பேர். அவர் லீவில் இருந்த ஐந்தே நாட்களில் பதினேழு பேர்! காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புகார் சொல்லப் போனவன் வாயை மூடிக்கொண்டு வந்தேன். ஆனால் அன்று என்னைப் பிடித்த ஆர்வம் இன்று வரை விடவில்லை. அந்தப் பெண்மணி அவர்களை எங்கே அனுப்பினார்? எப்படி அனுப்பினார்?

கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. முதலில் எல்லோரையும் போல 'சாமியை நினைச்சுக்கோங்க' என்றுதான் சொல்லிப் பார்த்தாராம். ஒரு அம்மா சாமியை நினைத்ததும், 'எனக்கு ஏன் இந்த வியாதியைக் குடுத்தே?' என்று உள்ளேயே சண்டை போட ஆரம்பித்துவிட்டாராம். சரி, நல்ல இடமாக நினைக்கட்டும் என்று ஊட்டியையும் கடற்கரையையும் சொல்லியிருக்கிறார். போனார்கள், பார்த்தார்கள், இரண்டு நிமிடத்தில் திரும்பிவிட்டார்கள். அங்கே வேறு என்ன வேலை அவர்களுக்கு? அப்புறம், வீட்டுக்குப் பைக்கில் போகிற மாதிரி நினைக்கச் சொல்லியிருக்கிறார். லிங்கராஜபுரத்து ஆள் ஒருவர் கண்ணை மூடிக் கிளம்பி, ஐந்தாவது நிமிடம் பந்தை அழுத்திவிட்டார். என்ன ஆச்சு என்று கேட்டால், "மேம்பாலத்துக்குக் கீழ டிராஃபிக்ல மாட்டிக்கினேம்மா, முன்னாடி ஒரு லாரி, நகரவே மாட்டேங்குது" என்றாராம்! சிரிக்கிறீர்கள். நம் பெங்களூர்க்காரன் கற்பனையில்கூட நிம்மதியாக வண்டி ஓட்ட முடியாது. அன்றோடு பைக், பஸ், ஆட்டோ எல்லாவற்றுக்கும் காந்தாக்கா தடை போட்டார்.

இப்படித் தப்புத் தப்பாகச் செய்து பார்த்துத்தான் அவர் அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தார். "அழகான இடம் வேணாம் நரேஷு. பழகின காரியம் வேணும். அடுத்தது என்னன்னு தெரியாததுதானே பயம்? தெரிஞ்ச காரியத்தை ஒண்ணொண்ணா செஞ்சுக்கினே போனா, பயம் வந்து உக்காரதுக்கு எடமே இல்ல." எந்தப் புத்தகத்தில் படித்தார் இதை? ஏழாம் வகுப்போடு நின்றவர், ஊக்கு கழற்றிக்கொண்டே கண்டுபிடித்தார்!

விதான சவுதாவில் அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்ற சேஷகிரி என்று ஒருவர் வந்தார். தனக்கு ஒன்றும் தெரியாது, சமைக்கத் தெரியாது, பாடத் தெரியாது என்றார். "ஆபீஸ்ல என்னா செய்வீங்க சாமி?" என்று காந்தாக்கா விடவில்லை. அரசு ஊழியர் விடுப்பு விதிகள் முழுவதும் மனப்பாடம் என்றார் அவர். "அதையே சொல்லிக்கினு படுங்க" என்று அனுப்பினார். வெளியே வந்த சேஷகிரி என்ன சொன்னார் தெரியுமா? "ஈட்டிய விடுப்பு முடிஞ்சு மருத்துவ விடுப்புக்கு வந்தேன், அதுக்குள்ள எழுப்பிட்டீங்களே!"

ஹெப்பகோடியிலிருந்து சின்னத்தாயி வந்தார். சட்டை தைக்கும் கம்பெனியில் இருபது வருடம். ஒரு சட்டையை நாற்பது பேர் தைப்பார்கள், அவருக்குச் சட்டையின் இடது கை கஃப் மட்டும்தான். "கஃப் வேணாம், முழுச் சட்டையும் நீங்களே தைங்க. உங்களுக்குத் தெரியாதா என்னா?" என்றார் காந்தாக்கா. ஸ்கேன் முடிந்து மெஷினிலிருந்து இறங்கிய சின்னத்தாயி அழுதுகொண்டே சிரித்தார். "காலர், பாக்கெட், ரெண்டு கை, பட்டன் ஓட்டை எல்லாம் நானே முடிச்சேங்க்கா. அயர்ன்தான் பாக்கி!" அந்த அம்மாவின் முகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

எல்லோரையும் கேட்ட காந்தாக்காவை யாராவது கேட்டோமா? உங்களுக்குத் தெரிந்த காரியம் என்ன காந்தாக்கா, உங்களுக்குப் பயம் வந்தால் நீங்கள் எங்கே போவீர்கள் என்று யாராவது கேட்டோமா? நாராயணசாமி அண்ணனைக் கேட்டேன், தெரியாது என்றார். மகாவும் தெரியாது என்றார். பதினான்கு வருடம் பக்கத்தில் இருந்த நானும் போன ஜனவரி வரை கேட்கவில்லை. பந்து அழுத்தியவர்களை எண்ணிய எனக்கு, அதைக் கேட்கத் தோன்றவில்லையே!

போன ஜனவரியில் அவருக்குத் தலைவலி நிற்கவில்லை. டாக்டர் ஸ்கேன் எழுதினார். எடுக்க வேண்டியவன் நான்.

வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "ஊக்கு, பின்னு ஏதாவது இருக்கா?" இடுப்பில் கை வைத்து முறைத்தார். "யாரைப் பாத்து என்னா கேக்கற?" நானும் சிரித்துவிட்டேன். வாசலில் இரும்பைக் காட்டிக்கொடுக்கும் கைக்கருவியை வைத்துப் பார்த்தால் கீ கீ என்று கத்துகிறது! பாவாடை நாடாவில் ஒரு ஊக்கு! ஊர் ஊக்கையெல்லாம் கழற்றிய கை, தன் ஊக்கை மறந்துவிட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, காந்தாக்கா பயந்துபோயிருக்கிறார்.

உள்ளே அனுப்பினேன். மூன்றாவது நிமிடம் மணி அடித்தது.

நம்புவீர்களா? காந்தாக்கா பந்தை அழுத்திவிட்டார்! ஓடினேன், வெளியே இழுத்தேன். உடம்பெல்லாம் வேர்வை. "முடியல நரேஷு. மத்தவங்களுக்குச் சொல்றது சுலபம், இது வேற மாதிரி கீது" என்றார். அவருடைய கேள்வியைத் தவிர என்னிடம் வேறு என்ன இருந்தது? அதையே கேட்டேன். "காந்தாக்கா, அடுத்தது என்ன, அடுத்தது என்னன்னு உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச காரியம் ஒண்ணு சொல்லுங்க."

"என்னை யாரும் இதுவரைக்கும் கேக்கலப்பா" என்றார். அப்புறம் கண்ணை மூடினார். "சரி, தள்ளு உள்ள. எங்க போறதுன்னு தெரிஞ்சிடுச்சு."

கண்ணாடிக்குப் பின்னால் வந்து மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை ஒரு விரல்கூட அசையவில்லை. படம் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தது. தோழர்களே, டாக்டர் பார்ப்பதற்கு முன்னால், வீட்டார் கேள்விப்படுவதற்கு முன்னால், அந்தப் படத்தை முதலில் பார்ப்பவன் டெக்னீஷியன். பார்த்தது எதையும் முகத்திலோ குரலிலோ காட்டக் கூடாது. நான்காவது படத்தில் ஒரு கட்டி இருந்தது. பெரிதாக இருந்தது. டாக்டர் தேவையில்லை, எனக்கே தெரிந்தது.

சத்தம் நிற்கிற இடைவெளியில் மைக்கில் பேச வேண்டும். பேசினேன். "நல்லா இருக்கீங்களா காந்தாக்கா? இன்னும் இருபது நிமிஷம்தான்." வழக்கமாகச் சொல்வதுதான். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன்.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "நரேஷு, உன் கொரலு ஏன் மாறிப்போச்சு?"

மைக்கிலிருந்து கையை எடுத்தேன்.

அவரே தொடர்ந்தார், "நான் எங்க கீறேன்னு தெரியுமா? உன் நாற்காலில உக்காந்துனு கீறேன். கண்ணாடி வழியா பாக்கறேன். உள்ள காந்தான்னு ஒருத்தி படுத்துக்கினு கீறா. பயந்த பொம்பள. அவளுக்கு ஊக்கு கழட்டி, கேள்வி கேட்டு, போர்வை போத்தி, பந்து குடுத்து, அனுப்பிட்டு வந்து உக்காந்தேன். நான் பாத்துக்கறேன் அவளை. நீ ஏன் அல்லாடற? கொஞ்ச நேரம் எங்கயாவது போயிட்டு வா. முடிஞ்சதும் கூப்புடறேன்."

அவருக்கு ஆரம்பத்திலிருந்து முடிவு வரை தெரிந்த காரியம் அதுதான். பயந்த ஒரு ஆளுக்குத் துணையாக இருப்பது. அன்று தனக்கே துணை இருந்தார், எனக்கும் இருந்தார். நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. அழுதுகொண்டே, எனக்குத் தெரிந்த ஒரே காரியமான காலை டீயை மனசுக்குள் போட்டேன். பால் பொங்கியது, இஞ்சி தட்டினேன், வடிகட்டினேன். அடுத்த இடைவெளியில் மைக்கில் பழைய குரலிலேயே பேசினேன். ஸ்கேன் ஒரு குறையும் இல்லாமல் வந்தது.

வெளியே வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "உன் நாற்காலி சீட்டு கிழிஞ்சு பஞ்சு தெரியுது, சொல்லி மாத்து." தினமும் காலையில் அந்த நாற்காலியைத் துடைத்தவர் ஆயிற்றே! படத்தில் என்ன இருந்தது என்று என்னைக் கேட்கவே இல்லை. நான்கு மாதம் இருந்தார். போன மாதம் போய்விட்டார்.

அவர் போன முதல் வாரத்தில் வந்தவர்களிடம் நான் பழையபடி 'ரிலாக்ஸா இருங்க' என்று சொல்லிப் பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இப்போது நான் கேட்கிறேன், ஒவ்வொருவரையும், எத்தனை பேர் வெளியே காத்திருந்தாலும். இந்தச் சபை முன்னால் உறுதி சொல்கிறேன். எங்கள் ஸ்கேன் அறையில் அந்தக் கேள்வி நிற்காது. மகா இந்த டப்பாவை எனக்குக் கொடுத்திருக்கிறார், ஊக்கு இல்லாமல் யாரும் வீடு திரும்ப மாட்டார்கள். சீட்டையும் மாற்றிவிட்டேன் காந்தாக்கா.

இப்போது ஒரு நிமிடம் மௌனமாக நிற்க வேண்டும். நிற்பதற்கு முன்னால் உங்களையும் கேட்கிறேன். அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்த காரியம் எது? யாரும் சொல்ல வேண்டாம். கண்ணை மூடி அங்கே போங்கள். நாராயணசாமி அண்ணே, நீங்களும் போங்கள். மகா, நீங்களும். கதவு, மணி, டைம் எதைப் பற்றியும் கவலை வேண்டாம். நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். அசையாதீர்கள். முடிந்ததும் கூப்பிடுவார்.